மிளகாய்க் கொல்லையில் நாம் கற்ற பாடம்



மிம்பரில் நின்று சொன்ன ஒரு சொல் தவறென்று தெரியவந்தால், அதே இடத்தில் நின்று அதைத் திரும்பப் பெறுவதே முறை. நாம் அப்படித் திரும்பப் பெற்ற சொல் ஒன்று உண்டு. அது மார்க்கச் சட்டம் பற்றியதன்று. மிளகாய்ச் செடியின் வேரைப் பற்றியது. சிறிய செய்திதானே என்று நினைக்க வேண்டாம். அந்தச் சொல்லை நம்பிய ஒரு குடும்பம் ஒரு பருவத்து உழைப்பை இழந்தது.

நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸா இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமி இது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து போய்விடும். மீதி நாள்களுக்கு ஊருணியும் கண்மாயுமே கதி. இம்மண்ணின் குண்டு மிளகாய்க்கு, அதாவது முண்டு மிளகாய்க்கு, 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால் குடத்தைச் சுமந்து சுமந்து காய்த்துப்போன இடுப்புகள் எத்தனை என்பதை இங்கே வாழ்கிறவர்கள் அறிவார்கள்.

மதரஸாவுக்கு வக்ஃபாக விடப்பட்ட இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. அதன் குத்தகைப் பணத்தில்தான் விடுதியில் தங்கி ஓதும் பிள்ளைகளின் மதிய உணவில் ஒரு பகுதி நடக்கிறது. நிலத்தைப் பயிரிடுகிறவர் அறுபதை நெருங்கிய ஒரு பெரியவர். நம் சமயத்தவர் அல்லர். அவருடைய தந்தையார் காலத்திலிருந்தே அந்த நிலம் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. நாம் அவரை 'அண்ணே' என்போம். அவர் நம்மை 'அசரத்' என்பார். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தபோது குத்தகை பாதியாகக் குறைந்தது. அப்போது நிர்வாகக் குழுவில் ஒரு பேச்சு எழுந்தது: "நிலத்தைச் சும்மா போட்டுவிட்டால் சீமைக்கருவேலம் தானே முளைக்கும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கரி மூட்டத்துக்கு வெட்டிவிடலாம். தண்ணீர் வேண்டாம், கவலை வேண்டாம்."

கணக்குப் பார்த்தால் அந்தப் பேச்சில் பிழையில்லை. ஆனால் பெரியவரின் குடும்பம் என்ன ஆகும் என்ற கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. வக்ஃப் நிலம் ஓர் அமானிதம் என்றால், அதை நம்பி உழைக்கும் மனிதரும் அந்த அமானிதத்தில் அடங்குவார் என்றே நாம் கருதினோம்.

இந்தத் தவிப்பில் இருந்தபோதுதான் ஒரு வேளாண் இதழில் 'வேர் உட்பூசணம்' பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. உரக்கடைகளில் இதை 'வேம்' என்று சுருக்கமாகக் கேட்பார்கள். பயிரின் வேருக்குள் குடியேறும் ஒருவகைப் பூஞ்சாணம், நூலிழைகளை மண்ணுக்குள் நீட்டி, வேர் எட்டாத இடங்களிலிருந்து சத்தையும் ஈரத்தையும் கொண்டுவந்து கொடுக்கிறது. வறட்சியைத் தாங்கப் பயிருக்கு உதவுகிறது என்று அதில் எழுதியிருந்தது. படித்ததும் உள்ளம் குளிர்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படைப்பைக் கொண்டு இறைவன் வறண்ட நிலத்துக்கு உதவுகிறான் என்ற எண்ணமே நம்மை ஆட்கொண்டது. அந்த வாரம் இமாம் வெளியூர் சென்றிருந்ததால் ஜும்ஆ பயான் நம் பொறுப்பில் வந்தது. "இதை மண்ணில் போட்டால் பாதித் தண்ணீரில் பயிர் விளையும்" என்று மிம்பரிலேயே சொல்லிவிட்டோம்.

கட்டுரையில் 'உதவுகிறது' என்று மட்டுமே இருந்தது. 'பாதித் தண்ணீர்' என்பது நமது நாவின் கைச்சரக்கு.

நகரத்து உரக்கடையில் எட்டுக் கிலோ வாங்கினோம். மதரஸாவின் தகரக் கொட்டகையில் அந்தப் பை ஆவணி வெயிலில் மூன்று வாரம் கிடந்தது. பெரியவர் பையைப் பிரித்துச் சாம்பல் நிறத்தில் இருந்த அந்தப் பொடியை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார்.

"அசரத், இதப் போட்டா மழ பெய்யுமா?"

"மழை பெய்யாது அண்ணே. பெய்கிற மழையைச் செடி நன்றாகப் பிடித்துக்கொள்ளும்."

"அப்ப ஊத்துற தண்ணியக் கொறச்சுக்கலாமுங்கிறீங்க?"

"குறைத்துக்கொள்ளலாம்."

அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் வருந்துகிறோம். உரம் தூவுவதைப் போலவே நட்ட வயலில் மேலாகத் தூவச் சொன்னோம். நாற்றங்காலில் அழுகல் வரக் கூடாதென்று விதைக்கும் மண்ணுக்கும் பூசணக்கொல்லி கொடுத்திருந்தார்கள். அடியுரமாக டி.ஏ.பி. தாராளமாகப் போட்டிருந்தார்கள். இவற்றையெல்லாம் நாம் கேட்கவுமில்லை, யோசிக்கவுமில்லை. நடவு முடிந்து மழை இடைவெளி விட்ட நாள்களில், பெரியவரும் அவருடைய துணைவியாரும் வழக்கமாக ஊற்றும் குடத்தண்ணீரில் இரண்டு முறையைக் குறைத்தார்கள். கொல்லையில் மூன்றில் ஒரு பங்கு நாற்று கருகியது.

சேதி கேட்டு ஓடினோம். பெரியவர் கோபப்படவில்லை. வரப்பில் உட்கார்ந்திருந்தவர், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் அசரத்" என்றார். அவ்வளவுதான். அவர் ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அறிவில்லாத ஒன்றில் நாம் அறிவுள்ளவராகப் பேசினோம். நமது தாடிக்கும் தொப்பிக்கும் அவர் கொடுத்த மரியாதை அவருக்கே இழப்பாக முடிந்தது. அந்த ஆண்டுக் குத்தகையை நமது சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகச் செலுத்தினோம். பணத்தால் தீர்ந்த கடன் அது ஒன்றுதான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் பேரீச்சை மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பவர்களைக் கண்ட நிகழ்ச்சியை நாம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறோம். அதைச் செய்யாவிட்டாலும் பாதகமில்லை என்று கருதுவதாக அவர்கள் கூற, தோழர்கள் நிறுத்திவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. உலகத் தொழில்களில் அந்தத் தொழிலைச் செய்கிறவர்களே நன்கு அறிந்தவர்கள் என்பதை அவர்கள் தெளிவாக்கினார்கள். முஸ்லிம் நூலில் வரும் அறிவிப்பு இது. நபியவர்களே உழவரின் அறிவுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்க, நாம் உழவரிடமும் கேட்கவில்லை, அத்துறை கற்றவரிடமும் கேட்கவில்லை. பாடம் நடத்துவது வேறு, பாடத்தில் நடப்பது வேறு.

நம்மிடம் மாலை மக்தபில் ஓதிய ஒரு மாணவி அப்போது வேளாண் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தாள். விடுமுறைக்கு ஊர் வந்தவளிடம், அவளுடைய தந்தையார் முன்னிலையில் நடந்ததைச் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"உஸ்தாத், பைய எங்க வச்சிருந்தீங்க? டி.ஏ.பி. எவ்வளவு போட்டாங்க? பூசணக்கொல்லி கொடுத்தாங்களா? விதைக்கு அடியில போட்டீங்களா, மேல தூவுனீங்களா?"

நான்கு கேள்விக்கும் நம்மிடமிருந்து வந்த விடை அவளைத் தலையசைக்க வைத்தது. "உஸ்தாத், அது உயிர். உரம்னு நெனச்சுட்டீங்க" என்றாள். பிறகு மதரஸாத் திண்ணையில் அமர்ந்து, ஒரு காலத்தில் நாம் அவளுக்கு அலிஃப், பா சொல்லிக்கொடுத்த பொறுமையோடு, அவள் நமக்குச் சொல்லிக்கொடுத்தாள். அன்று கற்றதையும், பிறகு தேடிப் படித்ததையும் சுருக்கமாக இங்கே தருகிறோம்.

நிலத்தில் வளரும் செடிகொடிகளில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள் இந்தப் பூஞ்சாணத்தோடு கூட்டு வைத்திருக்கின்றன. நெல், சோளம், நிலக்கடலை, வெங்காயம், மிளகாய் எல்லாம் இதில் அடக்கம். கடுகு, முட்டைக்கோசு, முள்ளங்கிக் குடும்பமும், பசலை, பீட்ரூட் குடும்பமும் இந்தக் கூட்டில் சேர்வதில்லை. 1885-இல் ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு ஃபிராங்க், மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த காளானை வளர்க்க வழி தேடும் பணியில் காட்டு மரங்களின் வேர்களை ஆராய்ந்தபோது, வேரும் பூஞ்சாணமும் சேர்ந்து வாழ்வதைக் கண்டு, கிரேக்கச் சொற்களிலிருந்து 'பூஞ்சை வேர்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அவர் கண்டது மரங்களில் வேரை வெளியே போர்த்திக்கொள்ளும் வகை. நம் பயிர்களில் இருப்பது வேரின் உயிரணுக்களுக்கு உள்ளேயே நுழையும் வகை. இந்த இரண்டாம் வகையின் தடயம், ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரில் கிடைக்கும் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழைமையான பாறையில், உண்மையான வேரே இல்லாத ஆதிகாலச் செடிகளின் உடலில் கிடைத்திருக்கிறது. செடிகளுக்கு வேர் அமைவதற்கு முன்பே இந்தத் துணை அமைந்துவிட்டது!

இந்தக் கூட்டில் யாருக்கு என்ன கிடைக்கிறது? பூஞ்சாணத்தால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாது. உயிருள்ள வேர் கொடுக்கும் சர்க்கரையும் கொழுப்புமே அதன் உணவு. செடி வெயிலில் சமைத்ததில் நூற்றுக்கு நான்கு முதல் இருபது பங்கு வரை இப்படிப் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்கு ஈடாகப் பூஞ்சாணம் தன் இழைகளை மண்ணுக்குள் அனுப்புகிறது. மனிதத் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் அவை. ஒரு கிராம் மண்ணுக்குள்ளேயே பல மீட்டர் நீளம் ஓடியிருக்கும். வேர்த்தூவி நுழைய முடியாத சிறு இடுக்குகளிலும் அவை நுழையும்.

மண் காயும்போது முதலில் பெரிய இடுக்குகளில் உள்ள நீர் போய்விடுகிறது. எஞ்சுவது நுண்ணிய இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரம். அங்கே இழைகளால் எட்ட முடிகிறது. இழைகள் வழியே நீர் உண்மையில் வேருக்கு வந்து சேர்கிறதா என்பது நெடுநாள் விவாதம். 2022-இல் வெளியான கலிபோர்னிய ஆய்வு ஒன்றில், வேர் கடக்க முடியாத ஒரு காற்று இடைவெளிக்கு அப்பால் அடையாளமிட்ட நீரை வைத்தார்கள். அதைத் தாண்டி இழைகள் மட்டுமே போகக்கூடிய அமைப்பு. அந்த நீர் காட்டு ஓட்ஸ் செடிகளுக்கு வந்து சேர்ந்தது.

ஆயினும் நேராக நீர் கொண்டுவருவது மட்டுமே இதன் உதவியன்று. மணிச்சத்து மண்ணில் நகர்வதற்கு ஈரம் வேண்டும். மண் காய்ந்தால் அது இருந்த இடத்திலேயே நின்றுவிடும். செடிக்குத் தாகத்தோடு பசியும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் பூஞ்சாணம் தன் இழை வழியே மணிச்சத்தைச் சுமந்து வருகிறது. பசியாறிய செடி வேரை ஆழமாக விடுகிறது. வறட்சியைத் தாங்கும் வலிமை பெறுகிறது. மேலும் இழைகள் மண் துகள்களைச் சேர்த்துப் பிடித்துச் சிறு சிறு கட்டிகளாக்குகின்றன. அத்தகைய மண் மழையைச் சிறிது கூடுதலாக உள்ளிழுத்து வைத்துக்கொள்ளும்.

"அப்படியானால் நாம் செய்த பிழை என்னம்மா?" என்று கேட்டோம்.

"மணிச்சத்த அள்ளிக் கொட்டிட்டா செடிக்குப் பசி இருக்காது உஸ்தாத். பசியில்லாத செடி சர்க்கரை கொடுத்துக் கூட்டாளிய ஏன் கூப்பிடப் போகுது?" என்றாள். பூசணக்கொல்லிகளில் சில, அழுகல் நோயின் பூசணத்தோடு இந்த நல்ல பூஞ்சாணத்தையும் சேர்த்தே ஒடுக்கிவிடும். வெயிலில் கிடந்த பையில் உயிர் எவ்வளவு எஞ்சியிருந்ததோ, இறைவனே அறிவான். மேலே தூவியது வேரைத் தொடவே இல்லை. முளைக்கும் வேர் அதன் மீது இறங்க வேண்டும். ஆகவே நாற்றங்காலில், விதைக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில், ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிராம் வீதம் பரப்புவதே முறை. இரண்டு ஏக்கருக்கு இரண்டு சென்ட் நாற்றங்கால். அதற்கு எட்டுக் கிலோ. அளவு சரியாகத்தான் இருந்தது. மற்ற அனைத்தும் தவறு!

இன்னொன்றும் சொன்னாள். எந்தக் கொல்லையிலும் இந்தப் பூஞ்சாணம் இயல்பாகவே ஓரளவு இருக்கும். அடிக்கடி ஆழ உழுது இழைகளை அறுப்பதும், நிலத்தில் உயிருள்ள வேரே இல்லாமல் மாதக்கணக்கில் போடுவதும், உரத்தையும் மருந்தையும் அளவின்றிப் போடுவதும் அதைக் குறைத்துவிடுகின்றன. வெளியிலிருந்து வாங்குவதற்கு முன் உள்ளதைக் காப்பதே முதல் வேலை. பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. "அப்ப நம்ம மண்ணுலயே இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இமாமிடம் அனுமதி கேட்டு, தொழுகைக்குப் பின் எழுந்து நின்றோம். 'பாதித் தண்ணீரில் பயிர் விளையும்' என்று நாம் சொன்னது தவறு, அதை யாரும் நம்பிச் செய்ய வேண்டாம் என்று அறிவித்தோம். சிலர் புன்னகைத்தார்கள். ஒருவர் மட்டும் வெளியே வந்து கையைப் பற்றிக்கொண்டு, "நானும் தண்ணியக் குறைக்கலாம்னு இருந்தேன் ஹஜ்ரத்" என்றார். அந்த ஒருவருக்காகவேனும் அதைச் சொல்ல வைத்த இறைவனுக்கே புகழனைத்தும்.

இரண்டாம் ஆண்டு பெரியவரிடம் மறுபடி போனோம். மறுத்துவிடுவார் என்றே நினைத்தோம். அவர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்: "பாதிக் கொல்லைக்குத்தான். தண்ணிய நான் கொறைக்க மாட்டேன்." அனுபவமுள்ள மனிதரின் பேச்சு அது. எந்த ஆய்வாளரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஒரு சென்ட் நாற்றங்காலில் விதைக்குக் கீழே வேம் பரப்பினோம். இன்னொரு சென்டை வழக்கப்படி விட்டோம். புரட்டாசியில் நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டார். மாணவி தன் ஆசிரியரிடம் கேட்டுச் சொன்னபடி மணிச்சத்து உரத்தைப் பாதியாக்கினார். பூசணக்கொல்லியைத் தவிர்த்து, நாற்றங்காலில் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டார்.

நடவு செய்து நாற்பது நாள் ஆனதும் இரு பக்கத்திலிருந்தும் சில செடிகளைப் பிடுங்கி, வேரை நனைத்த துணியில் சுற்றி மாணவி கல்லூரிக்குக் கொண்டுபோனாள். வேரைக் காரக் கரைசலில் வேகவைத்து நிறம் நீக்கி, வினிகரில் கலந்த மையில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்களாம். நாம் எழுதும் அதே பேனா மைதான்! அவள் அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் விரித்துப் பார்த்தோம். வேரின் ஒவ்வோர் அறைக்குள்ளும் நீல நிறத்தில் ஒரு சிறு மரம் கிளைவிட்டு நின்றது. அந்த அமைப்புக்கு அறிவியலார் இட்ட பெயரே இலத்தீன் மொழியில் 'சிறுமரம்' என்று பொருள்படுவதாம். கொடுக்கல் வாங்கல் நடப்பது அங்கேதான். ஒவ்வொரு சிறுமரத்தின் ஆயுளும் சில நாள்களே. ஒன்று உதிர்ந்ததும் இன்னோர் அறையில் இன்னொன்று தழைக்கும். பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி அந்தப் படத்தைக் காட்டினோம். ஒரு சிறுவன், "ஹஜ்ரத், மிளகாய்ச் செடிக்குள்ள தோப்பு இருக்கு" என்றான். வேம் இடாத பக்கத்து வேரிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறுமரங்கள் இருந்தன. மண் தன் பங்கைக் கைவிட்டிருக்கவில்லை.

மார்கழியில் இருபத்திரண்டு நாள் மழையில்லை. நண்பகலில் இரு பக்கத்துச் செடிகளும் வாடித்தான் நின்றன. அஸருக்குப் பின் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் நிமிர்ந்திருக்கும். மறுபக்கம் மஃரிப் நெருங்கும்வரை தொங்கியபடியே இருக்கும். அறுவடை முடிவில் வேம் இட்ட பாதியில் இரண்டு மூட்டை வற்றல் கூடுதலாகக் கிடைத்தது.

இங்கே நமது பழைய நாவு மறுபடி எழுந்தது, அதை அடக்கிக்கொண்டோம். அந்தப் பாதி சற்றுப் பள்ளமான பக்கம். ஈரம் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஆகவே மூன்றாம் ஆண்டு பக்கத்தை மாற்றினோம். அந்த ஆண்டு நல்ல மழை. இரு பாதிக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மாணவியிடம் சொன்னபோது அவள் வியப்படையவில்லை: "தண்ணியும் சத்தும் தாராளமா இருக்கும்போது இதோட உதவி வெளிய தெரியாது உஸ்தாத். கஷ்ட காலத்துலதான் தெரியும்." மனிதர்களுக்கும் பொருந்தும் சொல் என்று நமக்குத் தோன்றியது. அதை விரித்துப் பேசி அதன் அழகைக் கெடுக்க விரும்பவில்லை.

ஆக, நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: இந்தப் பூஞ்சாணம் நீரை உண்டாக்குவதில்லை; உள்ள நீரையும் சத்தையும் செடி நன்றாகப் பயன்படுத்த உதவுகிறது. மண்ணின் தன்மை, பயிர், உரம், மருந்து ஆகியவற்றைப் பொறுத்து அந்த உதவி கூடும், குறையும், சில இடங்களில் தென்படாமலும் போகும். எனவே விவசாயம் செய்யும் சகோதரர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுத் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். மண்ணைச் சோதித்து, வேளாண் அலுவலரிடம் கேட்டு, முதலில் ஒரு சிறு பகுதியில் செய்து பாருங்கள். வேம் பொட்டலத்தை நிழலான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கோடைமழை கிடைத்தால் நிலத்தை வெறுமையாக விடாமல் சோளமோ தட்டைப்பயறோ விதைத்து வையுங்கள். உயிருள்ள வேர் இருக்கும்வரைதான் அந்தக் கூட்டாளி வளர்ந்து பெருக முடியும்.

இது முன்பே திருமறையில் சொல்லப்பட்டிருக்கிறது என்று நிறுவும் நோக்கம் நமக்கில்லை. அப்படி நிறுவ முயல்வது இறைவசனத்துக்கும் நன்மையன்று, அறிவியலுக்கும் நன்மையன்று. இறந்துகிடந்த பூமி மழையால் உயிர்பெறுவதைத் திருமறை பல இடங்களில் நினைவூட்டுகிறது. அதைச் சிந்திக்கும்படி நம்மை அழைக்கிறது. சிந்திப்பது என்றால், தெரிந்தவரிடம் கேட்பதும், வேரைப் பிடுங்கிப் பார்ப்பதும், பிழையை ஒப்புக்கொள்வதும் அதில் அடங்கும் என்பதையே இந்த மூன்று ஆண்டுகளில் உணர்ந்தோம்.

ஒரு மாற்றம் மதரஸாவிலும் வந்தது. நபியவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளு செய்ததாக நூல்களில் ஓதுகிறோம். இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு அது. நம் கணக்கில் ஒரு லிட்டருக்கும் குறைவு. ஆனால் நமது பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டுக் கதை பேசியபடி ஒளு செய்வார்கள். ஒருநாள் குழாய்க்கடியில் ஒரு வாளியை வைத்து, ஒரு சிறுவன் ஒளு முடிப்பதற்குள் எவ்வளவு சேர்கிறதென்று காட்டினோம். வாளியில் முக்கால் பங்கு நிறைந்தது. "இந்தத் தண்ணீருக்கு அந்தப் பெரியம்மா ஊருணிக்கு எத்தனை நடை நடக்க வேண்டும்?" என்று கேட்டோம். யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது குழாய்களுக்குப் பதிலாகக் குவளைகள் வைத்திருக்கிறோம். ஒளு நீர் வாய்க்கால் வழியே ஓடி, மதரஸாவுக்குப் பின்னால் அமைத்த நாற்றங்காலுக்குப் போகிறது.

நிர்வாகக் குழு நிலத்தைக் கருவேலத்துக்கு விடும் பேச்சை இப்போதைக்குக் கைவிட்டிருக்கிறது. குத்தகை பழைய அளவுக்கு முழுவதும் திரும்பவில்லை. மழை பொய்த்தால் பேச்சு மீண்டும் எழலாம். சீமைக்கருவேலத்தின் வேரிலும் இதே வகைப் பூஞ்சாணம் துணை நிற்கிறது என்று மாணவி சொன்னபோது நாம் திகைத்துப்போனோம். இறைவன் தன் அருட்கொடையை நாம் விரும்பும் செடி, விரும்பாத செடி என்று பார்த்து வழங்குவதில்லை. எதை வளர்ப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பை நம்மிடம் விட்டிருக்கிறான்.

சென்ற மாதம் பெரியவர் மதரஸாவுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையக் குண்டு மிளகாய் வற்றல். "பிள்ளைகளுக்குக் கொழம்புக்கு" என்று கொடுத்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "அசரத், அந்தப் பொண்ணு லீவுக்கு வந்தா சொல்லி அனுப்புங்க. நெலத்த எத்தன ஓட்டு ஓட்டலாம்னு கேக்கணும்" என்றார். முன்பு நம்மிடம் கேட்டிருப்பார். இப்போது யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்கிறார். அதில் நமக்கு வருத்தமில்லை, நிம்மதியே உண்டானது.

ஒருவர் ஒரு செடியை நட்டு, அதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்று நபிமொழி அறிவிக்கிறது. அந்தச் செடியை மண்ணுக்கடியில் தாங்கி நிற்கும் துணைகளை அறிந்து, அவற்றை அழிக்காமல் விட்டுவைப்பதும் அந்த நன்மையில் சேரும் என்று நம்புகிறோம். அறியாததில் அறிந்தவராகப் பேசுவதிலிருந்து நம் நாவுகளையும், வீண்விரயத்திலிருந்து நம் கைகளையும் வல்ல இறைவன் காப்பானாக! வறண்ட பூமிகளுக்குப் பயன்தரும் மழையைப் பொழிவானாக! ஆமீன்.